கோப்பிலே மருத்துவம், படிப்பிலே கொரியன்

படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் உழைப்பு எங்கே என்று கேட்கக் கூடாது. ஜேர்மனியின் வெளிநாட்டவர் சட்டத்தில் அப்போது அப்படி ஒரு விதி இருந்தது. சட்டத்தின் மொழி இத்தனை சுருக்கமில்லை, சுருக்கியது நான். சிறுவயதில் வந்து, எட்டு ஆண்டுகள் அனுமதியோடு இங்கே வாழ்ந்த ஒரு பிள்ளை, அங்கீகாரமுள்ள ஏதாவதொரு தகைமைக்காகப் படித்துக்கொண்டிருந்தால், வருமானம் கேட்காமலே காலவரையறையற்ற வதிவிட அனுமதியைக் கொடுக்கலாம்.

என்ன பாடம் படிக்கிறது என்று விதி கேட்கவில்லை. அதிகாரி கேட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மார்கழி மாதத்து ஒரு காலை. ரூர்ப் பகுதியில் கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்து நகரமொன்றின் வெளிநாட்டவர் அலுவலகம். நகரத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த அதிகாரியும் இப்போது என்னைப்போல ஓய்வூதியத்தில்தான் இருப்பார்; நிம்மதியாக இருக்கட்டும்.

பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மேசையில் வைத்து மண்டரின் பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த தோலை வெப்பமூட்டியின் மேல் வரிசையாக அடுக்குவது அவர் வழக்கம். வெளியே ஈரக் கோட்டு நாற்றம், உள்ளே பழத்தோல் வாசம். அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். மன்னாரிலிருந்து வந்த சூசைதாசன். அவருடைய மகள் ஜெசிந்தா, அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது ஆண்டு. மொழிபெயர்க்க நான். மகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அவள் பேசும் ஜேர்மன் அதிகாரியுடையதை விடத் துப்புரவு. தகப்பனுக்குத்தான் நான்.

அதிகாரி பல்கலைக்கழகப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாடத்தின் பெயரை வாசித்தார். கொரியானிஸ்ரிக், அதாவது கொரிய மொழிப் படிப்பு. உதடு மெல்ல அசைந்தது. பிறகு கோப்பைப் பின்பக்கமாகப் புரட்டினார்.

“இங்கே மருத்துவம் என்று இருக்கிறதே,” என்றார்.

அது எப்படி அங்கே வந்தது

அது வந்தபோது நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜெசிந்தா இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தோம். முத்திரையில் மை காயும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல், மகள் பிறகு என்ன செய்யப்போகிறாள் என்று அதிகாரி கேட்டார். சூசைதாசன் யோசிக்காமல் சொன்னார்: “மெடிசின்.”

எங்களவர்களுக்கு அது கேள்வியே இல்லை. சுகமா என்பதுபோல ஒரு விசாரிப்பு. மெடிசின் என்பதும் பதிலல்ல. ஓம், சுகம் என்பதுபோல ஒரு மரியாதை. கோயில் வாசலில், கலியாண மண்டபத்தில், ரொறன்ரோவிலிருந்து வரும் தொலைபேசியில் எல்லாரும் கேட்பார்கள், எல்லாரும் சொல்வார்கள், ஒருவரும் எழுதி வைப்பதில்லை. ஜேர்மன்காரர் எழுதி வைத்தார்.

நான் என்ன செய்ய? மொழிபெயர்ப்பாளன் சொன்னதைச் சொல்ல வேண்டியவன். மெடிசின் என்பதை வேறு எப்படி மொழிபெயர்ப்பது?

இப்போது அதிகாரிக்குச் சந்தேகம். மருத்துவம் எப்போது கொரிய மொழியானது? கொரிய மொழி எந்தத் தொழிலுக்குக் கொண்டுபோகும்? இது படிப்பா, அல்லது அனுமதிக்காக எடுத்த இடமா? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். முன்பு சொன்னது யார் சொன்னது என்பதற்குத் தகப்பனின் கையெழுத்தும் வேண்டும். வரும்வரை கோப்பு இப்படியே இருக்கும். சொல்லிவிட்டு அடுத்த பழத்தை எடுத்தார்.

நடைபாதைக்கு வந்ததும் சூசைதாசன் என் முழங்கையைப் பிடித்தார்.

“அண்ணை, மெடிசினுக்கு மாறுறம் எண்டு சொல்லிவிடுங்கோ.”

“ஆர் மாறுறது? நீங்களோ?” என்றாள் ஜெசிந்தா.

அவசரம் தகப்பனுக்கில்லை, அவளுக்கு. அவளுடைய துறையிலிருந்து ஆண்டுக்கு ஒருவரைச் சியோலுக்கு ஒரு வருடப் படிப்புக்கு அனுப்புவார்கள். அந்த முறை இடம் அவளுக்கு. அங்கே கல்வியாண்டு பங்குனியில் தொடங்கும். ஆனால் வருடாவருடம் புதுப்பிக்கும் அனுமதியோடு ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால், அனுமதி தானாகவே செத்துப்போகும். காலவரையறையற்ற அனுமதி கைக்கு வந்தால் கூடுதல் அவகாசம் எழுதித் தருவார்கள். வராவிட்டால், சியோலில் படிப்பை முடித்துவிட்டுத் திரும்ப அவளுக்கு நாடு இருக்காது. மன்னாருக்கும் போக முடியாத காலம் அது.

பாக் அக்கா வீட்டுச் சோறு

இந்தப் பிள்ளைக்குக் கொரியன் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து வந்தது. நான் அங்கே உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தேன். சூசைதாசனின் மனைவி அதே மருத்துவமனையில் மாலைநேரத் துப்புரவு. மூன்றாம் மாடியில் தாதியாக இருந்தவர் பாக் அக்கா. எழுபதுகளில் கொரியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். அவருடைய கணவர் அதற்கும் முன்னால் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தவர். ரூர்ப் பகுதியில் எங்களுக்கு முன்னால் சோற்றுப் பானை வைத்தவர்கள் அவர்கள்தான்.

தாய் வேலைக்கு வரும் பின்னேரங்களில் சின்னப் பிள்ளை ஜெசிந்தா, நான் குடியிருந்த கட்டடத்திலேயே இருந்த பாக் அக்கா வீட்டில் இருந்தாள். அங்கே பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோவாவின் வாசம், எங்கள் வீட்டுக் கருவாட்டோடு போட்டிபோடும். இரண்டு வீட்டுக்கும் மேல்மாடி ஜேர்மன் கிழவி ஒரே நாளில் முறைப்பாடு எழுதியிருக்கிறாள். இரண்டு பதிலையும் நான்தான் எழுதினேன்.

பாக் அக்காவின் சொந்தப் பிள்ளைகள் கொரிய மொழியில் கூப்பிட்டால் ஜேர்மனில் பதில் சொல்வார்கள். ஜெசிந்தாவோ அந்த மொழியில் சண்டையே பிடிப்பாள். ஒரு நாள் பாக் அக்கா மருத்துவமனை மின்தூக்கியில் என்னிடம் குறைப்பட்டார்: தான் பெற்றதுகளுக்கு வாயில்லை, சூசையின் மகளுக்கு வாய் மூடுதில்லை என்று. குறைதான், ஆனால் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

எனக்கு மொழி வந்த விதம்

உண்மையைச் சொன்னால், அதிகாரியின் கேள்வி எனக்கும் இருந்தது. கொரியன் படித்து என்ன வேலை?

நான் யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையை நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். ஆங்கிலம், பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் வந்தது. சிங்களம், சுற்றறிக்கையாய் வந்தது: பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை. மதிய இடைவேளைகளில் கச்சேரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வாய்க்குள் வசை முணுமுணுத்துக்கொண்டே அந்த வட்ட எழுத்துகளை எழுதிப் பழகினோம். என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர் படிக்க மறுத்து, ஏற்றமில்லாத சம்பளத்தோடே ஓய்வு பெற்றார். நான் படித்தேன், நல்ல புள்ளியும் எடுத்தேன். ஜேர்மன், அகதி விண்ணப்பத்தோடு வந்தது.

ஆக, மூன்று மொழியும் யாரோ ஒருவரின் கட்டளையில் வந்தவை. ஒருவரும் கேட்காமல், சுற்றறிக்கை இல்லாமல், சம்பள ஏற்றம் இல்லாமல் ஒரு மொழியை ஒரு பெண் படிப்பதாவது! எனக்கு அது கொஞ்சம் திமிராகவே பட்டது.

இருந்தாலும் விண்ணப்பம் விண்ணப்பம்தான். நான் எடுத்த கோப்பைத் தோற்கவிட்டதில்லை.

சங்கச் செயலாளரின் உதவி

செய்தி கெல்சென்கிர்ச்சன் தமிழ்ச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கங்களுக்குச் செய்தி எப்படிப் போகிறது என்பதற்கு மட்டும் விதி கிடையாது. செயலாளர் சூசைதாசனைக் கூப்பிட்டு இருத்தி, கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று முக்கால் மணித்தியாலம் பேசினாராம். அவர்களும் அம்மா என்கிறார்கள், அப்பா என்கிறார்கள், வினையைக் கடைசியில் வைக்கிறார்கள்.

சூசைதாசன் என் வீட்டுக்கு ஓடி வந்தார். “அண்ணை, அவள் படிக்கிறது தமிழ்தானாம். அப்பிடி எழுதினா அவங்கள் ஒண்டும் சொல்ல ஏலாது.”

தமிழ் படிப்பதற்குச் சியோலுக்கு ஏன் போகவேண்டும் என்று பச்சைச் சட்டை கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். சூசைதாசன் யோசித்தார். செயலாளர் அந்தப் பக்கத்தை இன்னும் ஆராயவில்லை என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். மருத்துவம் என்று சொன்னது மகளல்ல, நானே என்று ஒரு வரி. கீழே அவருடைய கையெழுத்து. அவ்வளவுதான். அது இருந்தால் முரண்பாடு இல்லை. முரண்பாடு இல்லாவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

மாட்டேன் என்றார். வெள்ளைக்காரனின் கோப்பில் தான் பொய்யன் என்று எழுதித் தரச் சொல்கிறீர்களா என்று கேட்டார். மகளுக்கு மருத்துவத்துக்குப் புள்ளி காணாது என்பது அவருக்குத் தெரியும். அவள் விண்ணப்பிக்கவேயில்லை என்பதும் தெரியும். ஆனால் பூசைக்குப் போகும் இடத்திலெல்லாம் அவர் இன்னும் மெடிசின் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையெழுத்து அத்தனையையும் கவிழ்த்துவிடும்.

அன்றைக்குத் தேநீர் குடிக்காமலே போனார்.

கணக்கு வாத்தியாரின் கை

நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு ஞாயிறு, பாக் அக்கா சூசைதாசன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அவர்கள் இருவரும் பேசுவது மருத்துவமனை ஜேர்மன். இலக்கணம் இருவருக்கும் பொது எதிரி. ஆனால் பதினைந்து வருடமாக ஒருவரையொருவர் பிழையாக விளங்கியதில்லை.

ஜெசிந்தா குசினியில் தாயோடு பற்றிஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். பாக் அக்கா காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, கையெழுத்து எங்கே என்று கேட்டார். சூசைதாசன் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

“என் கணவர் கொரியாவில் என்ன வேலை செய்தார், தெரியுமா?” என்றார் பாக் அக்கா.

“சுரங்கம்,” என்றார் சூசைதாசன்.

“பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பித்தவர். இங்கே வரச் சுரங்க அனுபவம் வேண்டும் என்று சொன்னார்கள். படித்தவன் என்று தெரிந்தால் எடுக்கமாட்டார்கள். அதற்காகக் கையைக் கல்லில் தேய்த்துக் காய்ப்பு வரப் பண்ணினார். நேர்முகத்தில் கையைத்தான் பார்த்தார்கள்.”

குசினியில் எண்ணெய்ச் சத்தம் நின்றுவிட்டது.

“ஓய்வூதியக் கடிதத்திலும் சுரங்கத் தொழிலாளி என்றுதான் வந்தது. இறப்புச் சான்றிதழிலும் அப்படித்தான். அவர் வாத்தியார் என்று எழுதிய ஒரு தாள் இந்த நாட்டில் இல்லை, சூசை. அவர் குறைத்துச் சொன்னார், நீ கூட்டிச் சொன்னாய். பரவாயில்லை, எல்லாரும் ஏதாவது சொல்லித்தான் வந்தோம். உன் மகளுக்காவது ஒரு தாளில் சரியாக எழுதிக் கொடு.”

பற்றிஸ் வந்தது. பாக் அக்கா நின்றபடியே இரண்டு சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைவு என்று சொல்லிப் போய்விட்டார்.

சூசைதாசன் பேனாவைத் தேடினார். என் சட்டைப்பையில் இருந்தது. நான் பேனா இல்லாமல் எங்கும் போவதில்லை. கையெழுத்துப் போட்டார். பிறகு, “‘ஒரு கதைக்குச் சொன்னது’ எண்டும் போடுங்கோ அண்ணை,” என்றார். அதற்கு ஜேர்மனில் சொல் இல்லை. ‘உரையாடலின் போக்கில்’ என்று போட்டேன்.

மாமா, இதில நான் எங்க?

மிச்சம் இருந்தது விளக்கக் கடிதம். கொரிய மொழியின் பயன் பற்றி நான் ஐந்து பக்கம் எழுதினேன். ஜேர்மனியில் கிளை திறக்கும் கொரியக் கம்பனிகள், வர்த்தகம், மொழிபெயர்ப்பாளர் தட்டுப்பாடு, முதுமையடையும் தாதிமாரும் சுரங்கத்தவரும், அவர்களுக்கு நாளைக்கு ஓய்வூதிய அலுவலகத்தில் தேவைப்படப்போகும் வாய். வெறுங்கதையல்ல; எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்தது. பேராசிரியரும் ஒரு கடிதம் தந்திருந்தார்: வேலைவாய்ப்புகள் குறைவு, ஆனால் நல்லவை என்று. படித்தவர்களிடம் கடிதம் வாங்கக் கூடாது. ‘ஆனால்’ போடாமல் அவர்களுக்கு எழுத வராது.

ஜெசிந்தா ஐந்து பக்கத்தையும் என் சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தாள்.

“மாமா, இதில நான் எங்க?”

“முதல் வரியிலே. விண்ணப்பதாரர் எண்டு இருக்கு.”

“எனக்கு விருப்பம் எண்டு எழுத ஏலாதோ?”

விருப்பத்தைக் காரணமாக ஏற்கும் அலுவலகம் இன்னும் கட்டப்படவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை மேசையில் வைத்து, மெல்ல, தட்டச்சுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“சின்னனிலயிருந்து எல்லாரும் எங்களைத்தான் விசாரிச்சவை. ஏன் வந்தனீங்கள், எப்ப வந்தனீங்கள், வீட்டில என்ன சாப்பிடுறனீங்கள். யூனிக்குப் போன முதல் நாள், நான் வாய் திறக்க முதலே, இந்தியவியல் மேல் மாடியில எண்டு படியைக் காட்டிச்சினம். ஜேர்மன் பிள்ளையள் ஆரை வேணுமெண்டாலும் படிக்கலாம். நான் மட்டும் என்னைத்தான் படிக்க வேணுமோ? நானும் ஒருக்கா வேற ஆக்களை விசாரிக்கப் போறன். அதுக்கு இந்த நாட்டில யூனி எண்ட ஒரு இடம்தான் இருக்கு, மாமா. அங்கதான் இருக்கிறன்.”

வேப்பமரத்தடியில் நான் எழுதிப் பழகிய எழுத்துகள் நினைவுக்கு வந்தன. அந்த மொழியில் ஒரு வரியைக்கூட, யாரையும் அறிந்துகொள்ளும் ஆசையில் நான் வாசித்ததில்லை. பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடினேன். அதற்குச் சித்தி என்று பெயர்.

அவள் சொன்னதை அப்படியே ஜேர்மனில் எழுதச் சொன்னேன். எழுதினாள். முதல் பக்கத்தில் அதை வைத்தேன். என் ஐந்து பக்கமும் இணைப்பு ஒன்று, பேராசிரியர் இணைப்பு இரண்டு, தகப்பனின் ஒரு வரி இணைப்பு மூன்று. நான் கட்டிய கோப்புகளில் பயனை இணைப்பாகவும் விருப்பத்தை முதலாகவும் வைத்தது அது ஒன்றுதான். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மாதாவும் நானும்

தை போனது, மாசி போனது, பதில் இல்லை. மூன்று மாதத்துக்குள் முடிவு தராத அலுவலகத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. மூன்று மாதம் முடிந்த உடனே அந்த விதியை நினைவூட்டி எழுதினேன். பிறகு இன்னொன்று, கொஞ்சம் சூடாக.

ஜெசிந்தா காத்திருக்கவில்லை. பங்குனியில் விமானம் ஏறினாள். ஆறு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், பாதியில் விட்டுத் திரும்புவது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். விமான நிலையத்தில் பாக் அக்கா தன் தங்கைக்கென்று ஒரு பொதி நிறைய கைக்குப் பூசும் ஜேர்மன் கிறீம் கொடுத்துவிட்டார். சூசைதாசன் மகளிடம் ஒரே ஒன்று கேட்டார்: அங்கே மாதா கோயில் இருக்கா? ஏராளம் என்றாள். அவருக்குக் கொரியாமேல் முதன்முதலாக ஒரு மதிப்பு வந்தது.

ஆகஸ்ட் மாதக் கேவலார் மாதா கோயில் யாத்திரை வந்தது. ஜேர்மனித் தமிழ்க் கத்தோலிக்கர் எல்லாரும் அந்தச் சனிக்கிழமை அங்கேதான். வாகனத் தரிப்பிடத்தில் சோற்றுப் பொதி பிரித்துக்கொண்டிருக்கும்போது, பிரான்சிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் சூசைதாசனின் தோளில் தட்டினார்.

“மகள் மெடிசின் எத்தினையாம் வருசம்?”

இன்னும் பதில் வரவில்லை. ஆறு மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மெடிசின் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்திருக்கலாம். யாரும் கோப்பை எடுத்துப் பார்க்கப்போவதில்லை.

“மெடிசின் இல்லை,” என்றார் சூசைதாசன். “கொரியன் படிக்கிறாள். சியோலில.”

“கொரியனோ? அதைப் படிச்சு?”

“படிச்சு கொரியன் கதைப்பாள்,” என்றார். “நீர், மீனைப் போட்டுச் சாப்பிடும்.”

அதற்கு அடுத்த கிழமை கடிதம் வந்தது. சூசைதாசன் உறையைப் பிரிக்காமல் என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஒரு பக்கம்தான். பாடத் தெரிவு முடிவுக்குப் பொருட்டல்ல என்று இருந்தது. எந்தப் பாடமானாலும் போதுமாம். காலவரையறையற்ற அனுமதி வழங்கப்படுகிறது. வெளிநாட்டில் தங்கும் அவகாசம் படிப்பு முடியும்வரை நீட்டப்படுகிறது. கொரிய மொழியின் பயன் பற்றி நான் எழுதிய ஐந்து பக்கத்துக்கும் ஒரு சொல் பதில் இல்லை. முதல் நாளே விதி சொன்னதை, எட்டு மாதம் கழித்து அலுவலகமும் சொன்னது.

சியோலுக்கு அழைத்தோம். தகப்பன், இது மாதா தந்தது என்றார். நான் தொலைபேசியை வாங்கி, இது என் இரண்டாவது நினைவூட்டல் தந்தது என்றேன். அவள் கேட்டாள்:

“கடிதத்தில என்ன திகதி போட்டிருக்கு, மாமா?”

பார்த்தேன். கேவலாருக்கு முன்னால், என் இரண்டாவது நினைவூட்டலுக்கும் முன்னால், பச்சைச் சட்டை அதில் கையெழுத்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு அது எந்தத் தட்டில் கிடந்ததோ, எத்தனை பழத்தோல் வாசம் பிடித்ததோ. தொலைபேசியில் அவள் சிரித்தது, பக்கத்தில் நின்ற தகப்பனுக்கும் கேட்டது.

ஆனால் விதி தெரிந்தவனுக்கு அந்தத் திகதி கணக்கில்லை. ஒரு முடிவு எழுதப்பட்ட நாளில் பிறப்பதில்லை. உரியவர் கைக்குக் கிடைத்த நாளில்தான் அதற்கு உயிர் வருகிறது. உறையின் மேல் நான் பேனாவால் குறித்து வைத்தேன்: கிடைத்தது, ஆகஸ்ட் பதினைந்து, மன்னார் மடுமாதா திருநாள்.